மந்திரியின் தோளில் ஒரு கிளி

படம் வரையத் தெரிந்தவர்களிடம் யாரும் உண்மையைக் கேட்பதில்லை. "என்னை அப்படியே வரைங்க" என்று சொல்லிவிட்டு உட்காருகிறவரை அப்படியே வரைந்தால், உறவு அத்தோடு முடிந்தது. மதுரையில் கல்லூரியில் படிக்கும்போதே இதைக் கற்றுக்கொண்டுவிட்டேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பார்த்துப் பென்சிலில் பெரிதாக வரைந்து கொடுப்பேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் மாலையோடு தொங்கியவர்கள் என் கைவண்ணம்தான். மாறுகண்ணை நேராக்குவேன், வழுக்கையில் கொஞ்சம் முடி நடுவேன், தூக்கிய பல்லை உதட்டுக்குள் தள்ளிவிடுவேன். வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு, அச்சு அசலாக அப்பாவேதான் என்று கண்கலங்குவார்கள். (அந்த அப்பாவே எழுந்து வந்திருந்தால், படத்தில் இருப்பது யார் என்று கேட்டிருப்பார்.) இந்தத் தொழில் தர்மத்தைத் துபாய்க்கும் கொண்டுவந்தேன், அதுதான் வினையாகப் போயிற்று.

என் வீட்டுக்காரர் ஒரு டைல்ஸ் கம்பெனியின் துபாய் ஆபீசில் இருந்தார். ஃபாக்டரி ராஸ் அல் கைமாவில். அங்கிருந்த மேனேஜர்களில் ஒருவர் வேலையை விட்டு ஊருக்குப் போவதாகவும், அந்த இடத்துக்குத் துபாயிலிருந்து ஒருவரை அனுப்பப் போவதாகவும் ஆபீசில் பேச்சு. அந்த ஒருவர் இவராக இருந்துவிடக் கூடாது என்பதுதான் அந்த வருஷம் எங்கள் வீட்டின் ஒரே பிரார்த்தனை. மகள் நிலா பதினோராம் வகுப்பு. பள்ளிக்கூடத்தையும் சிநேகிதிகளையும் விட்டு ஓர் அடி நகர மாட்டேன் என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிறவர் மார்ட்டின் சார், இவருடைய பாஸ், இங்கிலாந்துக்காரர்.

அவர் ஒரு வெள்ளிக்கிழமை எங்களை டீக்குக் கூப்பிட்டார். வில்லாவுக்குள் நுழைந்ததுமே என் குழப்பம் தொடங்கிவிட்டது. நம் வீட்டுச் சுவர்களில் சாமி இருக்கும், காலமானவர்கள் இருப்பார்கள், மளிகைக்கடைக் காலண்டர் இருக்கும். அவர் வீட்டு ஹாலில் தரையிலிருந்து கூரைவரை விகாரமான மனிதர்கள். எல்லாம் கறுப்புக் கோடுகளால் ஆன பழைய படங்கள். கத்தரிக்காய் மூக்கு, பானை வயிறு, ஒரு பெண்மணியின் தலையில் கோபுரம் போல முடி, அந்த முடிக்குள் ஓர் எலி. ஒவ்வொன்றுக்கும் அருமையான ஃபிரேம், தனித்தனி விளக்கு. இவ்வளவு அசிங்கத்துக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

மார்ட்டின் சார் உற்சாகமாக விளக்கினார். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய லண்டனில், செப்புத் தகட்டில் கீறி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்த படங்களாம். கடைக் கண்ணாடியில் ஒட்டி வைப்பார்களாம், ஜனங்கள் கூட்டமாக நின்று பார்ப்பார்களாம். பெரிய மனிதர்களின் முகங்களைப் புத்தகங்களிலிருந்து வெட்டி ஆல்பத்தில் ஒட்டிச் சேர்க்கிற பைத்தியம் பலருக்கு இருந்ததாம். நல்ல குடும்பத்துப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே இவற்றைப் பார்த்துப் பிரதி எடுப்பார்களாம். நான் முழுதாகக் கேட்டது இவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் ஒரு படத்தின் முன்னால் நின்று, வெறும் கோட்டை வைத்தே எப்படி நிழல் கொண்டுவந்திருக்கிறான் என்று வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் அவ்வப்போது ஆட்டினேன். அந்த மனிதர்களை ஏன் அப்படி வரைந்தார்கள் என்று அவர் சொன்னது அந்த நேரத்தில்தான் இருக்க வேண்டும்.

இவர் சும்மா இருந்திருக்கலாம். என் மனைவியும் நன்றாக வரைவாள் சார் என்று எடுத்துக்கொடுத்தார். மார்ட்டின் சார் முகம் மலர்ந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்த படத்தையே சுவரிலிருந்து கழற்றினார். அடுத்த மாதம் இதே பைத்தியம் பிடித்த நண்பர்கள் இரண்டு பேர் வருகிறார்கள், அதற்குள் இதை ஒரு பிரதி எடுத்துத் தர முடியுமா, அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம் என்றார். திரும்பி வரும்போது இவர் அந்தப் படத்தைக் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு, காரை என்னை ஓட்டச் சொன்னார்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வைத்து நிதானமாகப் பார்த்தோம். கொழுத்த ஒரு கனவான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். பொய்முடி ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. மூக்கிலும் கன்னத்திலும் பரு. வயிற்றில் பட்டன் தெறித்திருக்கிறது. தட்டில் குட்டிக் குட்டியாக வீடுகள். ஜன்னலுக்கு வெளியே எலும்பும் தோலுமாக நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். அவர் தோளில் வாலும் கொம்பும் வைத்த ஒரு குட்டிப் பிசாசு உட்கார்ந்து காதில் ஏதோ ஓதுகிறது.

"இவரு சாரோட பூட்டனாத்தான் இருக்கணும். அந்தத் தாடையப் பாரு. இல்லேன்னா எதுக்கு ஹால்ல மாட்டி லைட்டு போட்டு வச்சிருக்காரு?" என்றார் இவர். பிறகு, "பெரியவரு பாக்க ஒரு மாதிரி இருக்காரு. நீ பாத்துப் போடு சுந்தரி. நம்ம ராஸ் அல் கைமா விசயம் அவரு கையிலதான இருக்கு" என்றார்.

பாத்துப் போடு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூக்கைத் தேய்த்து நேராக்கினேன். பருக்களை நீக்கிவிட்டு, கன்னத்தில் மட்டும் ஒன்றைத் திருஷ்டிப் பொட்டாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன். பட்டன்களைப் போட்டுவிட்டேன், வயிற்றைக் குறைத்தேன். சாப்பிடும்போது யாராவது ஏக்கமாகப் பார்த்தால் கண் பட்டுவிடும் என்பதால், ஜன்னலில் நின்ற நாலு பேரையும் கன்னம் உப்ப வைத்துச் சிரிக்கவிட்டேன். தட்டில் எதற்கு வீடுகள் என்று இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். புதுமனை புகுவிழாவாக இருக்கும் என்று முடிவுகட்டி, வீடுகளை எடுத்துவிட்டு ஆப்பிளும் திராட்சையும் வைத்தேன். மிச்சம் அந்தப் பிசாசு. ஒருவர் வீட்டுக்குப் பிசாசுப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா? நான் மதுரைக்காரி. தோளில் எது உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரியாதா. கிளியை வரைந்தேன்.

உண்மையைச் சொன்னால் அது என் வாழ்நாளின் நல்ல படங்களில் ஒன்று. மெல்லிய பேனாவால் கோடு கோடாகப் போட்டு விரல் மரத்துப்போயிற்று. நிலா காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமலே எட்டிப் பார்த்து, கிளி க்யூட்டாக இருக்கிறது என்றாள். சத்வா கடைத்தெருவில் ஃபிரேம் போட்டு, பூப்போட்ட பரிசுக் காகிதத்தில் சுற்றி, அசலோடு எடுத்துக்கொண்டு போனோம்.

நண்பர்கள் இரண்டு பேரும் கையில் பூதக்கண்ணாடியோடு காத்திருந்தார்கள். மார்ட்டின் சார் காகிதத்தைப் பிரித்தார். பார்த்தார். அசலைப் பார்த்தார். மறுபடியும் என்னுடையதைப் பார்த்தார். பிறகு, இது சுவாரஸ்யமாக இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். நண்பர்களில் ஒருவர் கிளியை ரொம்ப நேரம் பூதக்கண்ணாடியில் பார்த்தார். இது ஏன் என்று கேட்டார். பிசாசு வீட்டுக்கு ஆகாது சார் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த மனிதர் சோபாவைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, தோள் குலுங்கக் குலுங்க முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டார். அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அங்கே விட்டிருந்தாலும் தப்பித்திருப்போம். என் வீட்டுக்காரர் முன்னால் வந்து, நெஞ்சில் கை வைத்து, உங்கள் பூட்டனார் மேல் எங்களுக்கு ரொம்ப மரியாதை சார் என்றார்.

மார்ட்டின் சார் கண்ணாடியைக் கழற்றினார். "என் பூட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். இந்த ஆள் ஒரு மந்திரி, சரியான திருடன். ஊரையே தின்று தீர்த்தவன். அவன் திருடனாகத் தெரிவதைப் பார்க்கத்தான் ஜனங்கள் காசு கொடுத்து இதை வாங்கினார்கள்."

தட்டில் இருந்த வீடுகள் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களும் புரிந்தார்கள். பசியில் செத்துக்கொண்டிருந்தவர்களை நான் கன்னம் உப்ப வைத்துச் சிரிக்கவிட்டிருந்தேன். அவர் அதே குரலில் இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்திலேயே இப்படிப்பட்ட மந்திரிகள் படக்காரனுக்கு லஞ்சம் கொடுத்து மூக்கைத் திருத்தச் சொல்வார்களாம். நான்தான் அதை இலவசமாகச் செய்து கொடுத்த முதல் ஆளாம். இது பாராட்டா, திட்டா என்று அவர் முகத்தில் தேடினேன். அதில் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே ஆராய்ச்சி. சுவாரஸ்யம் என்றால் நல்ல சுவாரஸ்யமா, கெட்ட சுவாரஸ்யமா? சொல்லும்போது சிரித்தாரா? படத்தை மேஜை மேல் வைத்தாரா, மேஜைக்குக் கீழே வைத்தாரா? இவர் ஒரு சிக்னலில் பச்சை விழுந்தும் நகராமல், "கோவம்னா திட்டிருப்பாருல்ல?" என்று என்னைக் கேட்டார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஹாரனை அழுத்தினார்கள்.

இரண்டு வாரத்தில் ஆர்டர் வந்தது. ராஸ் அல் கைமா. ஆனால் வெறும் மாற்றல் இல்லை, அந்த ஃபாக்டரிக்கே இவர்தான் பொறுப்பு. பெரிய பதவி, தனி கேபின், வாசலில் பெயர்ப் பலகை. ஊரிலிருந்து போன் பண்ணியவர்கள் வாழ்த்தினார்கள், நிலா மூன்று நாள் பேசவில்லை. தண்டனையாக இருந்தால் பதவி எதற்கு, பதவி என்றால் ராஸ் அல் கைமா எதற்கு என்று இவர் என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நான் வயிற்றைக் குறைத்தவள்.

கடைசி நாளன்று மார்ட்டின் சார் ஒரு பொட்டலத்தோடு இவர் மேஜைக்கு வந்தாராம். அவர் வீட்டுப் பின்னறையில் சின்ன அச்சுப் பொறி ஒன்று வைத்திருப்பது எங்களுக்குத் தெரியாது. தானே செப்புத் தகட்டில் கீறி எடுத்த படம், நாங்கள் பிரதியைக் கொண்டுபோன சாயங்காலத்தைப் பற்றியது. நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏணி மேல் நின்று, துடைப்பத்தால் மந்திரியின் மூக்கைத் தேய்க்கிறேன். என் பல் ஒவ்வொன்றும் பியானோக் கட்டை. சோபாவில் சிரித்தவர் சிரித்துச் சிரித்தே இரண்டாகப் பிளந்திருக்கிறார். மார்ட்டின் சார் தன்னைத்தான் ரொம்ப மோசமாக வரைந்திருந்தார், இரண்டு பக்கமும் கழுதைக் காது. கொடுக்கும்போது சொன்னாராம்: அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் தினமும் வேலைக்காரனைப் படக்கடைக்கு அனுப்பி, இன்றைக்குத் தன்னைக் கிண்டல் செய்திருக்கிறார்களா என்று பார்த்து வரச் சொல்வார்கள். கிண்டல் செய்திருந்தால் கோபம் வரும், கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் தூக்கம் வராது.

வீட்டுக்கு வந்ததும் இவர் அந்தப் படத்தில் தன்னைத் தேடினார். ஓரத்தில் இருந்தார். கையில் பரிசுக் காகிதம். மூக்கு, காது, வயிறு எல்லாம் அளவாக, ஒரு மயிர்கூடக் கலையாமல், பாஸ்போர்ட்டில் இருப்பது போல நின்றிருந்தார்.

ராஸ் அல் கைமா வீட்டு ஹாலில் அதை மாட்டினோம். இவர் தினமும் டூட்டி முடிந்து வந்து அதன் முன்னால் நிற்பார். ஒரு நாள் சாக்ஸைக் கழற்றிக்கொண்டே, "எல்லாரையும் கிண்டல் பண்ணிருக்காரு. என்னைய மட்டும் ஒரு ஆளாவே மதிக்கல பாத்தியா" என்றார். அவ்வளவு பெரிய கேபினில் உட்கார்ந்துவிட்டு வருகிற மனிதர். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மார்ட்டின் சார் மேல் கோபம் கோபமாகவும் வந்தது.

மறுநாள் இவர் ஃபாக்டரிக்குக் கிளம்பியதும் ஃபிரேமின் பின்பக்கத்தைக் கழற்றி, பேனாவை எடுத்தேன். வாழ்நாளில் முதல்முறையாக ஒருவரை அழகாக்காமல் விட்டேன். மூக்கை இழுத்தேன், மேல் உதட்டைத் தொடும்வரை இழுத்தேன். காதை விரித்து, வயிற்றைத் தள்ளி, முன்னந்தலையில் கலைந்த முடிக் கற்றை ஒன்றைத் தூக்கி நிறுத்தினேன். இருபது வருஷமாகப் பக்கத்தில் பார்த்துவரும் முகம், அதனால் கை தடுமாறவே இல்லை. சாயங்காலம் இவர் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். தண்ணீர்கூடக் கேட்காமல் நிலாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பொங்கலுக்குச் சாப்பிட வந்த ஃபாக்டரிப் பையன்கள் படத்தின் முன்னால் கூடி நின்றார்கள். யார் யாரோ கோரமாக இருக்கிறார்கள், ஆனால் சார் மட்டும் அச்சு அசல் என்று ஒரே குரலில் சொன்னார்கள். இவர் மூக்கைத் தடவிக்கொண்டு, எல்லாருக்கும் இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைக்கச் சொன்னார்.