ஏழாம் ஷரத்து

இனிமேல் நம் தொழிலில் காகிதம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று பள்ளிபாளையம் வேல்முருகன் ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டாவது தோசைக்கும் மூன்றாவது தோசைக்கும் நடுவில் அறிவித்தான். ஒப்பந்தம் போனிலேயே வருமாம், போனிலேயே கையெழுத்தாகுமாம், போனிலேயே போய்விடுமாம். ஏனென்றால் மரங்களைக் காப்பாற்ற வேண்டுமாம். வாசல் வேப்பங்கன்றுக்கு இன்றுவரை ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாத மனுஷன்.

"நல்லதுங்க" என்றாள் அவன் மனைவி கமலவேணி.

அவள் பெயரில்தான் கம்பெனி. பன்னிரண்டு விசைத்தறி, துண்டு நெசவு, வாசலில் 'கமலவேணி டெக்ஸ்' என்று ஆளுயரப் பலகை. பெண்களுக்கான கடனில் தொடங்கியதால் எல்லாக் காகிதத்திலும் உரிமையாளர் அவள். தறி நின்றால் ஓடுவதும் அவள். முடிவெடுப்பது மட்டும் அவன். கையெழுத்துப் போடுவது பெண்டாட்டி வேலை, அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்வது புருஷன் வேலை என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ, அந்த வீட்டில் பத்து வருஷமாக அதுதான் அமலில் இருந்தது. அவள் கையில் மாவோடு நிற்கும் நேரமாகப் பார்த்து வருவான். காகிதத்தின் மேல் பாதியை அவன் உள்ளங்கை மூடியிருக்கும், மிச்சத்தைக் கட்டைவிரல் பார்த்துக்கொள்ளும். "இங்க ஒண்ணு போடு புள்ள. படிக்கறதுக்கு என்ன இருக்குது?" என்பான். அவளும் போட்டுவிடுவாள்.

இந்த முறை விஷயம் கிழக்குப் பட்டறை. பழைய தறிகளை எடுத்தபின் காலியாகக் கிடந்தது, நல்ல வெளிச்சம். அங்கே தையல் மெஷின் போட்டு, துண்டுக்கு ஓரம் அடிக்கும் வேலையை நம் இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கமலவேணி இரண்டு வருஷமாகச் சொல்லி வந்தாள். "பாக்கலாம்" என்று இரண்டு வருஷமாக அவனும் பார்த்து வந்தான். இப்போது அவன் சிநேகிதன் சண்முகவேல், ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போர்வெல் போட்டுவிட்டு ஓய்வாகத் திரும்பியவன், அதைப் பதினோரு மாத வாடகைக்குக் கேட்டான். ஒப்பந்தத்தில் 'கிடங்கு'. உண்மையில் ஒரு கேரம் போர்டும், கிரிக்கெட் பார்க்கச் சுவர் அகலத்துக்கு ஒரு டிவியும்.

சாவி தன் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக ஏழாம் ஷரத்தை வேல்முருகனே வாயால் சொல்லி எழுதவைத்தான். 'மேற்படி பட்டறைக்கு வேல்முருகன் பராமரிப்பாளராக இருப்பார். தினமும் காலை எட்டு மணிக்குத் திறப்பதும், மாலையில் பூட்டுவதும், சுத்தமாக வைத்திருப்பதும் அவர் பொறுப்பு. வேறு யாரும் திறக்கக் கூடாது.' பஸ் ஸ்டாண்டு எதிரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் உண்ணாமலை அதை டைப் செய்து, முதல் கையெழுத்துக்காக உரிமையாளரின் போனுக்கு அனுப்பினாள். வேல்முருகன் டீக்கடையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டான்.

"ஏம்புள்ள, ஆறு நம்பர் ஒண்ணு வந்திருக்கும். சொல்லு."

"ஓடிபிங்களா? யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"அது திருடனுக்கு. நான் உம் புருசன்."

"புருசன் கொரல்லயே பேசி ஏமாத்துவாங்கன்னும் நீங்கதானுங்க சொன்னீங்க."

சொல்லியிருந்தான். போன மாதம் அதற்கென்றே ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தான்.

"செரி, நீயே போட்டுரு. அடியில நீலப் பட்டன் இருக்கும். மேல எல்லாம் போவ வேண்டாம்."

போக வேண்டாம் என்றதால்தான் போனாள். காகிதத்தில் அவன் கட்டைவிரல் இருந்தது. போனில் அவள் கட்டைவிரல்தான் இருந்தது. எழுத்து பொடியாக இருந்தால் விரலால் விரித்தால் போதும், பெரிதாகிவிடும். நான்கு பக்கத்தையும் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். அவளுக்கு எப்போதும் படிக்கத் தெரியும். யாரும் கையை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நீலத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பட்டனை அமுக்கி அதை நிராகரித்தாள். பிறகு உண்ணாமலையிடம் பத்து நிமிஷம் பேசினாள். கிடங்குக்குள் வரப்போவது என்ன என்று உண்ணாமலைதான் சொன்னாள். பிறகு மாரியாயியிடம் பேசினாள். மாரியாயி சண்முகவேலின் மனைவி. மகளிர் குழுத் தலைவி. குழுவுக்கு வந்த ஆறு தையல் மெஷின்கள் போட இடமில்லாமல் அவள் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. சுவர் அகல டிவியைப் பற்றி அன்றுதான் அவளும் கேள்விப்பட்டாள்.

மதியம் டீக்கடையில் வேல்முருகன் போன் சிணுங்கியது. உரிமையாளர் கையெழுத்திட்டுவிட்டார், அடுத்தது நீங்கள் என்றது.

"பாத்தியா? ஒரு வார்த்தை கேக்கல" என்றான் பெருமையாக.

சண்முகவேலுக்கும் வந்திருந்தது. ஒரு தரம் படித்துப் பார்க்கலாமா என்று அவன் இழுத்தான்.

"நாஞ்சொல்லி எழுதுனதுதானப்பா. படிக்கறதுக்கு என்ன இருக்குது?"

இரண்டு பேரும் இரண்டு நீலப் பட்டனை அமுக்கிவிட்டு ஆளுக்கு இரண்டு பஜ்ஜி சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை வேல்முருகன் கேரம் போர்டைத் தலையில் வைத்துக்கொண்டு கிழக்குப் பட்டறைக்கு வந்தான். பூட்டிய கதவுக்கு முன்னால் மினி லாரி நின்றது. அதிலிருந்து ஆறாவது மெஷினை இறக்கிக்கொண்டிருந்த சண்முகவேல் நிமிர்ந்தே பார்க்கவில்லை. குழுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். கமலவேணி போனை நீட்டினாள். வாடகைதாரர், மாரியாயி. சாட்சி, சண்முகவேல்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே புள்ள."

"அனுப்புனனுங்களே. நீங்களும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பீட்டீங்க."

"நான் படிக்கல."

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்ப நான் எழுதுன ஷரத்து?" என்றான் கடைசியில், ஈனக் குரலில்.

"ஏழாவதுங்களா? அதுல ஒரு எழுத்து மாத்துலீங்க. அதுக்குத்தான் எல்லாரும் வெளிய நிக்கறோம்" என்று சாவியைக் கொடுத்தாள். சாவி ஒரு புது விளக்குமாற்றில் கட்டியிருந்தது.

மாரியாயி அவன் தலையிலிருந்த கேரம் போர்டை இறக்கித் தட்டிப் பார்த்து, துணி வெட்ட வாகாக இருக்கும் என்று பின்னால் கொடுத்துவிட்டாள். அப்புறம் போனில் மணி பார்த்தாள்.

"பராமரிப்பாளருங்க, எட்டேகால் ஆச்சு. நாளைக்காவது நேரத்துக்கு வந்துருங்க."