பன்னிரண்டு சொட்டு

அந்த நாற்காலியை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் முடிவெடுத்தது டிசம்பர் நான்காம் தேதி, காலை ஒன்பது மணி ஆறு நிமிடத்துக்கு. முடிவெடுத்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன். நாற்காலியில் உம் ஷஃபீக் என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

முப்பத்துநாலு வருடம் எங்கள் ஊர் ஆப்பிள் குளிர்கிடங்கில் பெட்டி எண்ணியவன் நான். உள்ளே எப்போதும் இரண்டு டிகிரி. ஆகஸ்டில் லெபனான் முழுக்க வியர்க்கும்போது நான் கம்பளித் தொப்பியோடு வேலைக்குப் போவேன். எண்ணிக்கையில் ஒரே ஒரு தடவை ஒரு பெட்டி தவறியது. அதுவும் ஏணிக்குப் பின்னால் கிடைத்தது. ஐந்தாம் வகுப்பு படித்தவனுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

இந்த அக்டோபரில் ஓய்வு பெற்றேன். ஆசை ஒன்றுதான். கூடத்தின் நடுவில் இருக்கும் எண்ணெய்க் கணப்புக்குப் பக்கத்தில், என் நாற்காலியில், பேசாமல் உட்கார வேண்டும். முப்பத்துநாலு வருடக் குளிர் எலும்பிலிருந்து இறங்க வேண்டும். வீட்டில் வேறு எந்த அறையிலும் கணப்பு கிடையாது.

பனி விழத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எனக்கு ஓர் உண்மை தெரிந்தது. காலை ஒன்பது முதல் பதினொன்றரை வரை அந்தக் கூடம் என்னுடையது அல்ல.

சமையலறைக்குள் போய் மனைவியைக் கேட்டேன்.

"யாரு இவங்க எல்லாரும்?"

"முப்பது வருஷமா வர்றவங்க," என்றாள் உம் ரஸ்லான். எங்கள் மூத்த மகன் ரஸ்லான். அதனால் அவள் உம் ரஸ்லான், அதாவது ரஸ்லானின் அம்மா; நான் அபூ ரஸ்லான், அவன் அப்பா. எங்கள் சொந்தப் பெயர்களை ஊரும் மறந்துவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம்.

"எனக்குத் தெரியாதே."

"நீங்க ஆப்பிளோட இருந்தீங்க."

"ஒம்பது பேர்!"

"அதுக்குள்ள எண்ணியாச்சா?"

"என் நாற்காலியில உம் ஷஃபீக் உட்கார்ந்திருக்காங்க."

"மத்தே ஊத்துறவங்க அங்கதான் உட்காரணும். கெட்டில் கணப்பு மேல இருக்கு. அவங்க வாசல்ல உட்கார்ந்து ஊத்தவா?"

மத்தே குடிக்காத வீடு எங்கள் மலையில் இல்லை. ஒரு குடுவையில் இலை, அதில் வெந்நீர், உறிஞ்ச ஓர் உலோகக் குழல். ஊற்றுகிறவர் ஒவ்வொருவருக்கும் நிரப்பிக் கொடுப்பார். குடித்தவர் திருப்பித் தருவார். எலுமிச்சைத் தோலால் குழலின் நுனியைத் துடைத்ததும் அடுத்தவருக்குப் போகும். கடைசி ஆள் போதும் என்று சொல்லும்வரை ஊற்றுகிறவர் எழுந்திருக்கக் கூடாது. அந்த ஒன்பது பெண்களில் போதும் என்று சொல்கிற வழக்கம் யாருக்கும் இல்லை.

"நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லேன்."

"விருந்தாளிகிட்டயா?" அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "நீங்களே போய்ச் சொல்லுங்க. ஒம்பது பேரும் அங்கதான் இருக்காங்க."

நான் கதவுவரை போனேன். ஒன்பது முகங்கள் திரும்பின. "வாங்க அபூ ரஸ்லான்!" என்றன ஒன்பது குரல்கள். என் காது இரண்டும் சிவந்துவிட்டன. யாரோடும் பேசவேண்டியதில்லை என்பதற்காகவே பெட்டி எண்ணும் வேலைக்குப் போனவன் நான். "தொப்பியைத் தேடுறேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன். தொப்பி தலையில் இருந்தது.

அன்று குளிர்ந்த படுக்கையறையில், இரண்டு போர்வைக்குள் உட்கார்ந்து யோசித்தேன். விருந்தாளியைப் போ என்று மனிதன் சொல்லக் கூடாது. குளிர் சொல்லலாம் அல்லவா?

எங்கள் கணப்பு எளிமையான சாதனம். பின்னால் ஒரு எண்ணெய்த் தொட்டி. அதன் குழாயிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கணப்புக்குள் இருக்கும் இரும்புச் சட்டியில் விழும். அந்தச் சட்டிதான் பர்னர். சட்டியின் விளிம்பில் காற்று வர ஓட்டைகள். நிமிடத்துக்கு முப்பது சொட்டு விட்டால் கூடம் கதகதப்பாக இருக்கும். முப்பது என்பது ஊர்க் கணக்கு இல்லை, என் கணக்கு. நான்கு நாள் கடிகாரம் வைத்து எண்ணினேன்.

பன்னிரண்டு சொட்டு விட்டால்? குளிர்கிடங்கு. மூன்று நாளில் ஒன்பது பேரும் வேறு வீடு பார்ப்பார்கள். அவர்கள் போன பிறகு நான் திரும்ப முப்பது வைத்துக்கொள்வேன்.

ஆனால் பன்னிரண்டுக்கு ஒரு காரணம் வேண்டும். ஆகவே புதிய பர்னர் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ரஸ்லானின் பழைய பள்ளி நோட்டில் அளவுகோல் வைத்து வரைந்தேன். சிறிய சட்டி. பழையதில் நாற்பத்தெட்டு ஓட்டை, இதில் இருபத்துநாலு. குழாயின் திருகுபிடி கழற்றி எடுக்கக்கூடியது. அதை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் யாரும் சொட்டைக் கூட்ட முடியாது.

தகரவேலைக்காரர் அபூ ஷஃபீக் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"அபூ ரஸ்லான், இது வீட்டைச் சூடாக்கவா, இல்ல ஆறவைக்கவா?"

"எண்ணெய் மிச்சம் பிடிக்கிற பர்னர். பாதி எண்ணெய், அதே சூடு."

"அப்படியா?"

"அறிவியல்," என்றேன். அந்தச் சொல்லுக்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாததால் உடனே கிளம்பிவிட்டேன். அவருடைய மனைவிதான் உம் ஷஃபீக் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஓட்டைகளை எண்ணுகிற மும்முரத்தில் இருந்தேன்.

நான்கு நாளில் பர்னர் வந்தது. ஓட்டைகளை எண்ணினேன். இருபத்துநாலு. மறுநாள் காலை எட்டரைக்குப் பொருத்தி, பற்றவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குழாயைத் திருகினேன். பன்னிரண்டு. திருகுபிடியைக் கழற்றிப் பையில் போட்டேன்.

"இது பாதி எண்ணெய்ல அதே சூடு குடுக்குமா?" என்றாள் உம் ரஸ்லான்.

"அதே சூடு."

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். "நீங்கதான் என்னைப் புதைக்கணும்," என்றாள். எங்கள் ஊரில் கொஞ்சலுக்கு அதற்குமேல் சொல் கிடையாது. நீ எனக்குமுன் போய்விடாதே என்று பொருள். வேலை பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்கு அவர்கள் வந்தார்கள். நான் படுக்கையறைக்குப் போய்விட்டேன். முதல் நாள் கூடத்திலிருந்து தும்மல் கேட்டது. ஏழு தும்மல். இனிமையாக இருந்தது. இரண்டாம் நாள் மூன்று தும்மல். மூன்றாம் நாள் சிரிப்பு.

பதினொன்றரைக்குக் கூடத்துக்குள் நுழைந்தேன். முகத்தில் வெப்பம் அறைந்தது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தது. உம் ஷஃபீக் விட்டுப்போன என் நாற்காலி அப்பம்போலச் சூடாக இருந்தது. மண்டியிட்டுக் கடிகாரம் பிடித்தேன். பன்னிரண்டு சொட்டு. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு. தொட்டியில் எண்ணெய் பென்சில் கோட்டில் சரியாக நின்றது. ஒவ்வொரு நாளும் பதினொன்றரைக்கு எண்ணெய் எங்கே நிற்க வேண்டும் என்று பத்து நாளுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பத்துக் கோடு இழுத்து வைத்திருந்தேன். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

அன்று மதியம் ஒரு பொய்யன் தன் பொய்யை நம்பத் தொடங்கினான். நான்தான் அந்தப் பொய்யன். பாதி எண்ணெயில் அதே சூடு! யாருக்குத் தெரியும்? பெரிய கண்டுபிடிப்பு எல்லாம் இப்படித்தான் வந்திருக்கும். நோட்டின் முதல் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். அபூ ரஸ்லான் ஆவதற்கு முந்தைய பெயரை யோசித்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஊரில் செய்தி பரவியது. தெருவில் தொப்பியைத் தூக்கி எனக்கு வணக்கம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அபூ முன்ஸிர் வந்து, தன் கணப்புக்கும் அதேபோல ஒன்று வேண்டும் என்றார். நான் படத்தைக் கொடுத்தேன். அபூ ஷஃபீக் செய்து கொடுத்தார். நானே போய்ப் பொருத்தி, பன்னிரண்டு வைத்துவிட்டு வந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்தவர் வீட்டில் ஆறு வாக்கியம் தொடர்ந்து பேசினேன்.

இரண்டாம் நாள் அபூ முன்ஸிர் எங்கள் வாசலில் நின்றார். காதுவரை கம்பளி.

"அபூ ரஸ்லான், உங்க பர்னர்ல தண்ணி உறையுது."

"பன்னெண்டு சொட்டுதானே விழுது?"

"பன்னெண்டுதான். நான் எண்ணினேன், என் பொண்டாட்டி எண்ணினா, பல்லு தந்தியடிச்சதுல ரெண்டு தடவை விட்டுட்டு மறுபடி எண்ணினோம். உம் முன்ஸிர் சொல்றா, வீட்டுல ஆப்பிள் அடுக்கிடலாமாம்."

போய்ப் பார்த்தேன். உண்மை. சுவர்கூட நடுங்குவதுபோல இருந்தது. மண்டியிட்டேன். பன்னிரண்டு. ஒவ்வொரு சொட்டும் பருப்பளவு.

வீட்டுக்கு வந்து என் கணப்பின் முன் மண்டியிட்டேன். முதல் தடவையாக எண்ணாமல் பார்த்தேன். ஒவ்வொரு சொட்டும் கொண்டைக்கடலை அளவு.

"உம் ரஸ்லான்!"

"கத்தாதீங்க, மாவு பிசையுறேன்."

"இந்தச் சொட்டு ஏன் இவ்வளவு குண்டா இருக்கு?"

அவள் மாவுக் கையோடு வந்து நின்றாள். "நீங்க கண்டுபிடிக்க ஒம்பது நாள் ஆச்சு," என்றாள். "நான் ஏழுன்னு பந்தயம் கட்டினேன். உம் ஷஃபீக் ஜெயிச்சுட்டாங்க."

"என்ன பந்தயம்?"

"குழாய் நுனியில ஒரு வளையம் இருக்கு பாருங்க. அபூ ஷஃபீக் செஞ்சு குடுத்தார், ரெண்டாம் நாள் மாட்டினோம். நுனி அகலமா இருந்தா சொட்டு பெருசா திரண்டுதான் விழுமாம். அவரோட கடைக்கூரை ஒழுகுறதைப் பாத்துக் கத்துக்கிட்டாராம்."

"அப்போ ஓட்டை? இருபத்துநாலுன்னு நானே எண்ணினேன்!"

"எண்ணினீங்க. எவ்வளவு அகலம்னு பாத்தீங்களா? விரலே போகும். அபூ முன்ஸிருக்கு மட்டும் உங்க படத்துல இருக்கிறபடியே செஞ்சார்; உம் முன்ஸிர் பந்தயத்துக்காக நடுங்கிக்கிட்டே வாயை மூடிக்கிட்டாங்க."

"திருகுபிடி என் பையில இருக்கே!"

அவள் ஏப்ரன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். மாவு ஒட்டியிருந்தது. "ரெண்டு செஞ்சார். ஒண்ணு உங்க பைக்கு, ஒண்ணு என் பைக்கு. வளையம் மாட்டினதும் குழாயைக் கூட்டித் திறந்து மறுபடி பன்னெண்டு வெச்சேன்."

நான் கடைசிக் கோட்டையை நோக்கி ஓடினேன். தொட்டி. "அவ்வளவு பெரிய சொட்டுன்னா எண்ணெய் வேகமா குறையணுமே. என் கோட்டுலயே நிக்குதே!"

"ஆளுக்கு ஒரு புட்டி. மேலங்கிக்குள்ள வெச்சுக் கொண்டு வந்தாங்க. நீங்க போட்ட கோடு வரைக்கும் ஊத்தினோம். ஒரு சொட்டு மிஞ்சலை. உங்க கோடு ரொம்ப உதவியா இருந்துச்சு, நாங்க கணக்கே போட வேண்டியதில்லை."

பெண்கள் வந்ததும் ஏன் முதலில் சமையலறைக்குப் போகிறார்கள் என்று எனக்கு ஒன்பது நாளாகத் தோன்றவில்லை. ஒன்பது பேர் போகிறார்கள், ஒன்பது பேர் வருகிறார்கள் என்று மட்டும் எண்ணியிருந்தேன்.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"அபூ ஷஃபீக்கிட்ட நீங்க படம் குடுத்த அன்னிக்கே. பர்னர் மாட்டின அன்னிக்கு, அதே சூடுன்னு சொன்ன ஆளு ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நின்னீங்க."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சண்டை போட வரவில்லை. "அந்த நாற்காலிதான் வேணும்னு நெனச்சேன். முப்பத்துநாலு வருஷம் குளிர்ல நின்னேன் இல்ல," என்றேன். சொல்ல நினைத்ததைவிட மெதுவாக வந்தது.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் தொப்பியில் மாவு பட்டது.

"நீங்க அங்க நின்ன முப்பத்துநாலு வருஷமும் நான் இங்க தனியா இருந்தேன். அவங்கதான் வந்தாங்க," என்றாள். "நாற்காலி வேணும்னா கேக்க வேண்டியதுதானே? அது ஊத்துறவங்க நாற்காலி. நாளைக்கு நீங்க ஊத்துங்க."

"நானா? ஒம்பது பேருக்கு நடுவுலயா?"

"பேசச் சொல்லலை. ஊத்தச் சொல்றேன். உம் ஷஃபீக் சுத்து எண்ண மறந்துடறாங்க. உம் முன்ஸிருக்கு ரெண்டு தடவை குடுத்துட்டு என்னை விட்டுடறாங்க. எண்ணத் தெரிஞ்ச ஒரு ஆள் தேவைப்படுது."

அபூ முன்ஸிர் வீட்டுக்கு அன்றே வளையம் போனது. அபூ முன்ஸிர் என்னைப் பற்றி ஊரில் ஒன்றும் சொல்லவில்லை. உம் ரஸ்லான் ஒரு தட்டு வால்நட் இனிப்போடு போய்ப் பேசிவிட்டு வந்தாள் என்று பின்னர் தெரிந்தது.

மறுநாள் நான் ஊற்றினேன். முதல் குடுவை கெட்டிலின்மேல் சிந்தியது. யாரும் சிரிக்கவில்லை. எட்டுப் பேர் சிரிக்கவில்லை, சரியாகச் சொன்னால். ஐந்தாம் சுற்றில் உம் முன்ஸிர் இரண்டாம் தடவை கை நீட்டினார். "உங்க முறை இன்னும் ஏழு பேருக்கு அப்புறம்," என்றேன். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. உம் ஷஃபீக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முப்பது வருஷமா இவரை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?" என்று என் மனைவியைக் கேட்டார். என் காது சிவந்தது. ஆனால் கணப்புக்குப் பக்கத்தில் இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. முந்தாநாள் பெரிய பனி. வாசலில் முழங்காலுக்குமேல். ஒன்பது மணிக்கு யாரும் வரவில்லை. ஒன்பதேகாலுக்கும் வரவில்லை. கூடம் அமைதியாக இருந்தது. நான் ஆசைப்பட்ட அதே அமைதி, அதே நாற்காலி, கொண்டைக்கடலைச் சொட்டு நிமிடத்துக்குப் பன்னிரண்டு. கெட்டில் ஒருமுறை கொதித்தது. இன்னொரு முறையும் கொதித்தது.

ஒன்பதரைக்கு எழுந்து தொப்பியைப் போட்டேன். சமையலறைப் பக்கம் பார்க்காமல், "வாசல்ல கொஞ்சம் பனியைத் தள்ளிட்டு வர்றேன். காத்து வாங்கின மாதிரியும் இருக்கும்," என்றேன்.

"ஒம்பது வீடு வரைக்குமா?" என்றது உள்ளேயிருந்து குரல்.

கதவைத் திறந்தேன். மண்வெட்டியை அவள் எப்போதோ வாசலில் சாத்தி வைத்திருந்தாள். பிடியின்மேல் என் கையுறை, இரண்டும், கணப்பில் காயவைத்த சூடு ஆறாமல்.