சுழற்சிக்காரரின் கார்

நம்மூரில் கொசுவுக்கு அடுத்தபடியாகப் பெருகிவரும் இனம் ஒன்று உண்டு. சுழற்சிக்காரர் என்று பெயர். சித்திரை வெயிலில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தாலும் சரி, ஒரு மாதத்துக்குப் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தாலும் சரி, மார்கழியில் மின்விசிறியை நிறுத்த முடியாமல் ஊரே புழுங்கினாலும் சரி, டீ கிளாஸை நிதானமாகக் கீழே வைத்துவிட்டு, "எல்லாம் ஒரு சுழற்சி சார்" என்பார். அவ்வளவுதான். சூட்டைக் கிளப்பியது யார் என்று கேட்க வாயெடுத்தவர் வாயை மூடிக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டுப் போவார்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இல்லாமலா போவார்? அஸ்தினாபுரத்தில் அவர் பெயர் மோகன்ராஜ். தீபச்சுடர் ஆயில் கம்பெனியில் மக்கள் தொடர்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வெல்லாம் சம்பளத்துக்குத்தான், வேலை நடந்துகொண்டே இருக்கிறது. நகர் நலச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். பொங்கல் விழாப் பந்தல், ஓவியப் போட்டிப் பரிசு, மரம் நடும் விழாவுக்குப் பச்சைத் தொப்பி எல்லாம் கம்பெனி உபயம். மரம் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் அதே குழியில் நடப்படும். போன வருஷக் கன்று செத்திருக்கும், குழி தயாராக இருக்கும், தோண்டுகிற வேலை மிச்சம்.

"நானே இயற்கை விரும்பிதான். ஆனா ரெண்டு பக்கமும் கேக்கணும் இல்லியா?" என்பது அவருடைய மந்திரம். முதலில் கம்பெனியின் பக்கம் கேட்கப்படும். அடுத்த பக்கத்துக்கு முறை வருவதற்குள் கூட்டம் கலைந்துவிடும்.

இந்த முறை சங்கக் கூட்டம் கலைவதற்கு முன்பே ஹஃபீசா எழுந்துவிட்டார். மோகன்ராஜ் வீட்டுத் தரைத்தளத்தில் வாடகைக்குத் தையல் கடை நடத்துகிறவர். போன மழையில் அவருடைய தையல் மிஷின்கள் தண்ணீருக்குள் நின்றன. அவற்றைப் பழுது பார்த்தே ஓய்ந்துபோனவர். ஏரிக்கரையில் கம்பெனி கட்டும் புதிய எண்ணெய்க் கிடங்கை எதிர்த்துச் சங்கம் தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டார்.

கம்பெனியிலிருந்து வந்திருந்த நிபுணர் டையைச் சரிசெய்துகொண்டார். "பெட்ரோலாலதான் பூமி சூடாகுது, அதனாலதான் மழை கூடுதுன்னு சொல்றதுல இன்னும் நிறைய சந்தேகம் இருக்கு மேடம்."

"சந்தேகம்னா சரி. அப்ப உங்க கிடங்குக்கு மட்டும் ஏன் சார் ஆளுயரத்துக்கு மண்ணடிச்சுத் தூக்கிக்கினு இருக்கீங்க?"

முழுப் பூசணிக்காய் சோற்றுக்கு வெளியே தலைகாட்டிவிட்டது. மோகன்ராஜ் கண்ணைக் காட்டினார். சமோசா வந்தது. பின்னாலேயே கம்பெனி பெயர் போட்ட குடைகள் வந்தன. தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று அவர் பெருந்தன்மையோடு அறிவித்தபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு கையில் சமோசாவும் மறு கையில் குடையும் இருந்தன. எந்தக் கையைத் தூக்குவார்கள், பாவம்? ஆராய்ச்சி முடியும்வரை தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. ஆராய்ச்சிச் செலவையும் கம்பெனியே ஏற்றுக்கொண்டது.

ஐப்பசியில் ஆரஞ்சு எச்சரிக்கை வந்தது. சங்கத்தின் வாட்ஸப் குழுவில் மோகன்ராஜ் உடனே எழுதினார்: "யாரும் பீதி கிளப்ப வேண்டாம். இது வழக்கமான சுழற்சியே." எழுதிய கையோடு கார்ச் சாவியை எடுத்தார். பல்லாவரம் மேம்பாலத்தில், வெள்ளத்துக்குப் பயந்து ஏற்றிவிட்ட கார்கள் ஏற்கெனவே வரிசைகட்டி நின்றன. இடம் தேடிப் பாலத்தின் ஓரமாகவே ஊர்ந்தார். ஒரு சந்து கிடைத்ததும் குலதெய்வத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டு நிறுத்தினார். அடுத்த காருக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தவர் யார் என்கிறீர்கள்? அதே நிபுணர். இருவரும் பிள்ளைகளின் படிப்பை விசாரித்துக்கொண்டார்கள். வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆட்டோவில் வீடு வந்து இறங்கிய மோகன்ராஜை வாசலிலேயே ஹஃபீசா பிடித்துக்கொண்டார். "கார மேம்பாலத்துல வுட்டுட்டீங்களா சார்? ஆமான்னா சொல்லுங்க. மிஷினுங்கள உங்க மாடிப்படிக்கு ஏத்திடறேன். கல்யாணத் துணி வேற நிறைய கீது."

ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் சுழற்சி என்னாவது? சங்கத் தலைவர் பதவி என்னாவது?

"சேச்சே, சர்வீஸுக்கு விட்டிருக்கேம்மா. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

ஹஃபீசா நம்பினார். கடையைப் பூட்டிக்கொண்டு கோவிலம்பாக்கத்துக்குப் போய்விட்டார்.

விடிந்தபோது மிஷின்கள் தண்ணீருக்கு அடியில் இருந்தன. யார் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ தைத்த பட்டு ரவிக்கைகள் சாக்கடை நீரில் மிதந்தன. மாடியில் நின்று பார்த்த மோகன்ராஜ், "எல்லாம் சுழற்சி" என்று முணுமுணுத்தார். வெட்கங்கெட்ட வாய் அது.

தண்ணீர் வடிந்த பிறகு கார் பளபளவென்று திரும்பி வந்தது. சேற்றை வாரிக்கொண்டிருந்த ஹஃபீசா நிமிர்ந்து பார்த்தார்.

"சர்வீஸ் நல்லா பண்ணிக்கிறாங்க சார். பாலத்து மேலயே பண்றாங்களாமே?"

மோகன்ராஜ் படியேறிவிட்டார்.

அவரைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். அப்படியே உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கும் குடையில் யார் பெயர் போட்டிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இன்னொன்று. போன மழையில் உங்கள் வண்டியையும் மேம்பாலத்தில் ஏற்றினீர்களே, போகும்போது கீழ்வீட்டில் சொல்லிவிட்டுப் போனீர்களா?