வாவியைப் பார்த்த பிளக்

"மருமகன், இந்தப் பிளக்குல கேத்தலப் போட்டா சூடாகுதில்ல. நம்மட சின்னவள் பரீனாட கலியாணத்துக்கு முந்தி ஒருக்காப் பாருங்க" என்றார் மாமி.

பாறூக் தலையை ஆட்டிவைத்தான். கட்டாரில் ஒன்பது வருஷம் கரண்ட் எஞ்சினியர் என்று சொல்லித்தான் காத்தான்குடியில் நஸீறாவைக் கட்டினான். மாமி வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம். கட்டாரில் அவன் பார்த்ததோ சமையல் வேலை. கரண்டி பிடித்த கை, கரண்டைத் தொட்டதே இல்லை!

பிளக் வாவிப் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே இருந்தது. டெஸ்டரோடு குந்தியவன் வெளியே பார்த்தான். மத்தியான வெயிலில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. தூரத்துத் தோணி போகிறதா நிற்கிறதா, தெரியவில்லை. பார்க்கப் பார்க்கத் தோணி புரியாணிக் கிடாரமானது, தண்ணீர் நெய்யானது, ஏலக்காய் வாசம்கூட வந்தது. மனுஷன் அப்படியே மிதந்துபோனான்.

"என்ன மருமகன், நித்திரையா?"

"இல்ல மாமி... கை ஈரம். ஈரக் கையால தொடக்கூடா."

கை எத்தனை நாள்தான் ஈரமாக இருக்கும்? மறுநாள் ஹாட்வெயார் கடைக்கு ஓடினான். கடைக்காரர் சொன்னதை வீட்டில் வந்து அப்படியே ஒப்புவித்தான்.

"இது பழைய உருண்டை ஓட்டை மாமி. பதின்மூண்டு அம்பியர் சதுர ஓட்டைதான் நல்லம். எர்த் வயர் கட்டாயம். எர்த் ஓட்டைக்குள்ள ஈர்க்கிலக் குத்தி ரெண்டு கால் பிளக்க ஏத்தவே படா!"

மாமி வாயைப் பிளந்தார்.

மூன்றாம் நாள், பாதுகாப்புக்கென்று மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு மறுபடி ஜன்னலடியில் குந்தினான், மறுபடி மிதந்தான். பள்ளியில் பின்னேர அஸர் பாங்கு கேட்டுத்தான் விழித்தான். ஃபிரிட்ஜில் ஐஸ் எல்லாம் உருகி, குசினி முழுக்கத் தண்ணீர்.

"பரவாயில்ல, கவனமான ஆள்" என்று மாமி தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். போதாதா? பக்கத்து வீட்டு முப்லிஹா கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"காக்கா, எங்கட புது வீட்டு வயரிங் முழுக்க நீங்கதான். புள்ள உறங்குற ஏணைக்குப் பக்கத்திலயும் ஒரு பிளக் வேணும்."

குழந்தை எட்டி அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. பாறூக் அந்தப் பிஞ்சு விரல்களையே பார்த்தான். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும். அதுவும் இந்தச் சின்ன உயிர்! யா அல்லாஹ், இதற்கு மேல் தாங்காது.

"மாமி, நஸீறா, மன்னிச்சுக்கங்க. நான் எஞ்சினியர் இல்ல. கட்டார்ல சமையல்காரன். ஒரு நாளைக்கு ஐந்நூறு பேருக்குப் புரியாணி ஆக்கினவன்."

அழுகை வந்தது, அழுதான். நஸீறா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமி குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

குசினிக்குள்ளிருந்து கொழுந்தி பரீனாவின் குரல் வந்தது.

"மச்சான் சொல்லிட்டாரா உம்மா? அப்ப நான் கலியாணப் புரியாணிக்குக் கிடாரத்தக் கழுவுறன், நீங்க அவர் வாயத் திறக்க வைக்கப் பூட்டின அந்த வயரே இல்லாத பிளக்கச் சுவத்திலயிருந்து கழட்டுங்க!"