ரெண்டு விரல் கூடுதலாக ஒரு மேல் ஜன்னல்

முதல் பட்டதாரி இருக்கிற வீட்டில் எந்தப் பொருளும் நிம்மதியாகப் பழுதாக முடியாது. மிக்சி லேசாக முனகினால் போதும், "பாலுவைக் கூப்புடு, அவன் இன்ஜினியரு" என்று குரல் வந்துவிடும். நான் படித்தது மெக்கானிக்கல். ஆனால் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை இன்ஜினியர் என்றால் இன்ஜினியர்தான், அதில் உட்பிரிவு கிடையாது. எதிர்வீட்டு சுகர் மெஷின், பக்கத்து வீட்டு டிவி ரிமோட், ஒரு முறை யாருடைய பல்செட்டோ கூட என் கைக்கு வந்திருக்கிறது. (பல்செட்டை நான் தொடவில்லை. தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இத கம்பெனிக்குத்தான் அனுப்பணும்" என்றேன். அந்த ஒரு வரியை எல்லாப் பொருளுக்கும் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.)

தெரு சொல்லிச் சொல்லி நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன். அந்த நம்பிக்கை உச்சத்தில் இருந்த சமயத்தில்தான் குமரேசன் மாமா கேரவன் வாங்கினார்.

குமரேசன் மாமா என்பவர் என் உமா அக்காவின் வீட்டுக்காரர். பல வருடமாக அடுத்தவர் வேனை ஓட்டியவர். துணிந்து, கையிலிருந்ததை எல்லாம் போட்டு ஒரு பழைய கேரவனைப் பிடித்துவிட்டார். உள்ளே படுக்கைகள், குட்டி அடுப்பு, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நுழைய வேண்டிய ஒரு கழிப்பறை, பின்படுக்கைக்கு நேர் மேலே திறந்து மூடுகிற கண்ணாடி மேல் ஜன்னல். கோயில் கோயிலாகப் போகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவது திட்டம். "இனிமே லீவு வேணும்னா நானே எங்கிட்ட கேட்டுக்கலாம் மச்சான்" என்று சந்தோஷப்பட்டார்.

முதல் சவாரியும் சீக்கிரமே வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சரோஜா டீச்சரும், அவருடைய இரண்டு தங்கைகளும். கல்யாணமாகி ஆளுக்கொரு ஊர் போன பிறகு மூவரும் சேர்ந்து போகும் முதல் பயணம். இராமேஸ்வரம். மாமா அவர்களிடம், "மேல் ஜன்னல் இருக்குது டீச்சர், படுத்துக்கினே நட்சத்திரம் பாக்கலாம்" என்று சொல்லித்தான் முடித்திருந்தார். இந்தச் சவாரி நன்றாக அமைந்தால் டீச்சருக்குத் தெரிந்த வாத்தியார் குடும்பங்கள் எல்லாம் வரிசையாக வரும். சொதப்பினால் அதே குடும்பங்கள் வரிசையாக வராது.

ஐப்பசி பிறந்து நல்ல மழை ஒன்று கொட்டியபோதுதான் தெரிந்தது, அந்த ஜன்னல் வழியாக நட்சத்திரத்தோடு மழையும் உள்ளே வரும் என்று. மெத்தை ஊறிவிட்டது. மாமா அலறியடித்துப் புது ஜன்னல் ஒன்றுக்கு ஆர்டர் போட்டார். சவாரிக்கு முந்தைய நாள் காலை அது பார்சலில் வந்து சேர்ந்தது. பஸ் பாடி கட்டும் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோகக் கிளம்பினார் மாமா. நான் குறுக்கே நின்றேன்.

"எதுக்கு மாமா வெளிய குடுக்கறீங்க? நான் இருக்கேனே."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "டேய், நாளைக்கு விடியக்காத்தால வண்டி கெளம்பணும். தெரிஞ்சா செய். தெரியலன்னா இப்பவே சொல்லிடு."

"அக்கா, இது நாலு ஸ்க்ரூ வேலக்கா."

(நாலு இல்லை. கழற்றும்போதுதான் எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதையும் பாதியில் விட்டுவிட்டேன்.)

எங்களுடையது நெசவாளர் தெரு; தறிக்கான பாவு நூலைத் தெருநீளத்துக்கு விரித்திருந்ததால், அதைச் சுருட்டி எடுத்த பிறகுதான் வண்டியை எங்கள் வாசலில் நிறுத்த முடிந்தது. வெல்டிங் கடையில் கட்டிங் மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு, ஏணி போட்டு மேலே ஏறினேன். பழைய ஜன்னலை நெம்பி எடுப்பதற்குள் முட்டி தேய்ந்துவிட்டது. ஆனாலும் வந்துவிட்டது. கீழே கூட்டம் கூடியிருந்தது. எங்கள் தெருவில் தறிச்சத்தம் நிற்பது இரண்டு காரணங்களுக்காகத்தான். ஒன்று கரண்ட் போய் விளக்கு அணைவது, இன்னொன்று யாராவது எங்காவது ஏறுவது.

புது ஜன்னல், பழையதைவிட ஒரு நூல் பெரிது. ஓட்டையைத் துளி அகலப்படுத்தினால் போதும். பிறகு ஜன்னலை மேலிருந்து வைத்தால், அதன் விளிம்பு கூரைமேல் உட்கார்ந்துகொள்ளும். விளிம்பைச் சுற்றி பசை, ஸ்க்ரூ, அவ்வளவுதான். டேப் பிடித்து அளந்து, பென்சிலால் கோடும் போட்டேன். கோடு சரியாகத்தான் இருந்தது. இன்றுவரைக்கும் அந்தக் கோட்டின்மேல் யாரும் குறை சொன்னதில்லை.

அப்போது நைனா வெளியே வந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தறியிலிருந்து எழுந்து வந்த வேகத்தில் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"கூட எத்தினி வுட்ட?"

"இன்னா நைனா?"

"அளவுக்கு மேல எத்தினி வுட்டன்னு கேக்கறேன்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தறியில் இருக்கும்வரை புடவை விறைப்பாக இழுபட்டு நிற்கும். அறுத்து இறக்கியதும் சுருங்கும். அதனால் எங்கள் ஆட்கள் எதை அளந்தாலும் இரண்டு விரல் கூடுதலாக விட்டுத்தான் அளப்பார்கள். கூடுதலாக இருப்பதை மடித்துக்கொள்ளலாம், குறைந்துபோனால் என்ன செய்வது? நல்ல கேள்விதான். புடவைக்கு.

"சரியா அளவுக்குத்தான் நைனா போட்டிருக்கேன்."

"அளவுக்குப் போட்டா அப்பறம் பத்தாதுபா" என்றார் எதிர்வீட்டு ஏகாம்பரம் அண்ணன், ஜன்னல் வைப்பதே பரம்பரைத் தொழில் போல. "ரெண்டு விரல் வுடு. பின்னாடி தொல்ல இல்ல."

"ஆமாபா, சுருங்கும்" என்றது கூட்டத்தில் இன்னொரு குரல்.

இந்த இடத்தில் நான் சிரித்திருக்க வேண்டும். தகரம் எங்கேயாவது சுருங்குமா என்று கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக என் நான்கு வருடப் படிப்பு அத்தனையும் திரண்டு அவர்கள் பக்கம் போய் நின்றுகொண்டது. வெயிலில் உலோகம் விரியும்! விரிவதற்கு இடைவெளி விட வேண்டும்! ரயில் தண்டவாளத்தில் விடுவதில்லையா? நைனா அனுபவத்தில் சொல்கிறார், நான் அறிவியலில் சொல்கிறேன், இரண்டும் ஒரே இடத்துக்கு வருகிறதே என்று புல்லரித்துப்போனேன். அங்கிருந்தே கூட்டத்துக்கு வெப்ப விரிவு பற்றி ஒரு சின்ன உரையும் ஆற்றினேன். ஏகாம்பரம் அண்ணன், "படிச்சவன் படிச்சவன்தான்" என்றார்.

நான்கு பக்கமும் ரெண்டு விரல் கூடுதலாக வெட்டினேன்.

ஜன்னலின் விளிம்பு எவ்வளவு அகலம் என்று கேட்கிறீர்களா? ஒன்றரை விரல்.

மெஷினைக் கீழே கொடுத்தேன். புது ஜன்னலை இரண்டு கையாலும் ஏந்தி, சாமிக்கு மாலை சாத்துகிற பணிவோடு ஓட்டைமேல் வைத்துக் கையை எடுத்தேன். அது ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நேராக உள்ளே போய்விட்டது.

தொம்மென்று ஒரு சத்தம். வண்டிக்குள் துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் குரல் பொறுமையாக மேலே வந்தது. "டேய் பாலு. உன் ஜன்னலு மெத்த மேல படுத்துக்கினு இருக்குதுடா."

நைனா கூரையைப் பார்க்காமல் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அவசரப்படாதீங்கபா. கொஞ்ச நேரம் வுட்டுப் பாக்கலாம், சுருங்கும்."

மாமா அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

நான் பதறி வண்டிக்குள் ஓடினேன். மெத்தைமேல் ஏறி நின்று, ஜன்னலைச் சாய்த்து ஓட்டை வழியாக மேலே தள்ளி, அதன் பின்னாலேயே நானும் இடுப்புவரை கூரைக்கு வெளியே எழுந்தேன். குறுக்காக வைத்தால் நிற்குமா, மூலைக்கு மூலை திருப்பினால் நிற்குமா என்று முயன்றேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கீழே இறங்கலாம் என்றால் வெட்டிய தகரத்தில் சட்டை மாட்டிக்கொண்டது. இறங்காமல் இருப்பதிலும் ஒரு நன்மை இருந்தது. என் இடுப்பு ஓட்டையை ஓரளவு அடைத்திருந்தது. ஆகவே ஜன்னலைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு, கேரவனின் மூடியாகவே நின்றேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆட்டோ வந்து நின்றது. முன்கூட்டியே வண்டியைப் பார்த்து, சாமான்களை வைத்துவிட்டுப் போகலாம் என்று சரோஜா டீச்சரும் தங்கைகளும் வந்துவிட்டார்கள். குடையோடு நேராக வண்டிக்குள் ஏறினார்கள். உள்ளே அவர்கள் கண்ணில் பட்டது, மெத்தைமேல் நின்ற இரண்டு கால்கள்.

"இது யாரு?" டீச்சர் குரல். பிரேயரில் ஒரு பள்ளிக்கூடத்தையே அடக்கிய குரல்.

"என் மச்சான் டீச்சர்" என்றார் மாமா.

"மீதி எங்க?"

"மீதி வெளிய நனைஞ்சிக்கினு இருக்குது டீச்சர்."

"வணக்கம் டீச்சர்" என்று மேலிருந்து கத்தினேன்.

"என்ன பண்ற அங்க?"

"மேல் ஜன்னல் மாத்தறேன் டீச்சர்."

"என்ன படிச்சிருக்க?"

"மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டீச்சர்."

"எந்தக் காலே…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "வேணாம். சொல்லாத. அவங்களுக்கும் மானம் மரியாதை இருக்கும்."

சின்னத் தங்கை களுக்கென்று சிரித்தது கேட்டது. பெரிய தங்கை சிரிக்கவில்லை. "அக்கா, நாம ரயில்லயே போயிடலாமே. இவங்க நாளைக்குள்ள எங்க முடிக்கப் போறாங்க?" என்றார்.

நான் நின்ற இடத்திலிருந்து மாமாவின் முகம் தெரியாது. அது மட்டும்தான் அன்று எனக்குக் கிடைத்த சலுகை. "நான் இருக்கேனே" என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால், இந்நேரம் பட்டறையில் வேலை முடிந்து மாமா டீ குடித்துக்கொண்டிருப்பார். மழையில் நனைவதில் ஒரு வசதி, முகத்தில் வழிவது என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

"எறங்குடா கீழ." உமா அக்காதான். வீட்டுக்குள் போய்வந்திருந்தாள். என் காலைப் பிடித்து இழுத்தாள். பாதிச் சட்டை மேலேயே தங்கிவிட, நான் மெத்தையில் வந்து விழுந்தேன். அக்கா கையில் ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளம். சீர் வைக்கிற அளவு. பரணில் துணி சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்திருக்கிறாள்.

"இது மூடுமான்னு பாரு. மூடலன்னா அப்படியே எங்கயாச்சும் ஓடிடு."

மழை கொஞ்சம் தணிந்ததும் மாமாவும் நானும் மேலே ஏறினோம். தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்தோம். நாலு மூலையும் மறைந்தது. சுற்றியிருந்த ஈரத்தைத் துடைத்து, விளிம்பு முழுக்கப் பசை அப்பி, ஸ்க்ரூ முடுக்கி, அதன்மேல் தார் டேப்பையும் சுற்றி ஒட்டினோம். அளவு என்ற சொல்லையே யாரும் உச்சரிக்கவில்லை. நைனா வாயைத் திறக்கப் போனார். குமரேசன் மாமா தன் மாமனாரிடம், "மாமா, நீங்க உள்ள போயி தறியப் பாருங்க" என்றார். கல்யாணமான நாளாக மாமா அவரிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரே தடவைதான்.

சற்று நேரத்தில் மழை மறுபடியும் பிடித்தது. இம்முறை பேய் மழை. டீச்சர் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய் அந்த மெத்தைமேல் தாம்பாளத்துக்கு அடியில் உட்கார்ந்தார். உள்ளங்கையை விரித்து நீட்டினார். தகரத்தின்மேல் மழை தடதடவென்று அடிக்கிறது. வண்டிக்குள் நாங்கள் எல்லாரும் அந்த ஒரு கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு சொட்டு விழவில்லை.

டீச்சர் கையை மடக்கிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சாய்ந்து படுத்து, மேலே பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தட்டின் நடுவில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்துகளை, வகுப்பில் வாசிப்பதுபோல உரக்க வாசித்தார்.

"செல்வி உமா மஞ்சள் நீராட்டு விழா. அன்பளிப்பு, தாய்மாமன்."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவசரத்தில் அவளுக்கே அது நினைவில்லை.

"நட்சத்திரம் காட்டறேன்னு சொன்னீங்க" என்றார் டீச்சர் மாமாவிடம்.

"மன்னிச்சிடுங்க டீச்சர்."

"பரவால்ல. இதுவும் புள்ளி புள்ளியாத்தான் இருக்குது. பெட்டியெல்லாம் உள்ள எடுத்து வைங்க."

மறுநாள் வண்டி கிளம்பியது. போன இடமெல்லாம் மழை. தங்கைகள் இருவரும் யார் உமாவுக்குக் கீழே படுப்பது என்று தினமும் சண்டை போட்டார்களாம். திரும்பி வந்த கையோடு டீச்சர் ஊரெல்லாம் சொல்லிவிட, வாத்தியார் குடும்பங்கள் வரிசையாக வந்தன. வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "அந்தத் தட்டு வண்டிதானே?"

பட்டறையில் கொடுத்து ஒழுங்கான ஜன்னல் வைத்துத் தருகிறேன் என்று நான் பல முறை சொல்லிவிட்டேன். மாமா என்னை வண்டியின் ஏணிப் பக்கமே விடுவதில்லை.

போன மாதம் எனக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டில் சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு எண்ணினால் இரட்டைப்படை. ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும், ஒரு தட்டு குறைகிறதே என்று பெண்ணின் அம்மா பதறினார். கூடமெங்கும் தேடினார்கள். அக்கா எழுந்து நின்று, சபைக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"எங்க வீட்ல இன்னொரு தட்டு இருக்குதுமா. இப்ப இராமேஸ்வரம் போயிருக்குது. புதன்கிழமை வந்துடும்."