மேக்னெட் ஓகே

அன்று மெஷின் பக்கத்தில் நின்றவர்கள்: புகார் கொடுத்த கம்பெனியின் ஆள் ஒருவர். எங்கள் சூப்பர்வைசர் மோகன். மூட்டை கொட்டும் தேவி அக்கா. ஆப்பரேட்டர் நான். (அலமாரியில் சாமியும் இருந்தார். அவருக்கும் இதில் பங்கு உண்டு.)

நாங்கள் அனுப்பிய வெள்ளை பிளாஸ்டிக் மூடிகளில் இரும்புத் துகள். பிளாஸ்டிக் குருணை மூட்டையில் வரும், அரிசி மாதிரி. மெஷின் தலையில் உள்ள தொட்டியில் கொட்டினால் உருகி மூடியாகும்.

காலையிலேயே மோகன் காரணம் கண்டுபிடித்து மெயிலும் போட்டுவிட்டார். "அக்கா கொண்டைல ஊசி குத்திகினு வருது. அதான் உள்ள வுழுந்துகீது."

"என் ஊசி அஞ்சும் தலையிலயே கீது. எண்ணிக்கோ சார்."

யாரும் எண்ணவில்லை. அக்கா கான்ட்ராக்ட். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

நான் துப்பறியக் கிளம்பினேன். (படிப்பு எட்டாவது ஃபெயில். மூளை மட்டும் பாஸ் என்று நினைப்பு.) பழைய ஸ்பீக்கர் காந்தத்தால் பன்னிரண்டு மூட்டையைத் துழாவினேன். ஒன்றுமில்லை. கழிவு மூடிகளை அரைத்துத் திரும்பக் கலக்கும் கிரைண்டருக்குள் விட்டேன். காந்தத்துக்கு மீசை முளைத்தது.

"பிளேடு உடைஞ்சிகீது சார். அக்கா ஊசி இல்ல."

அக்கா என்னை நம்பிக்கையோடு பார்த்தார்.

கம்பெனி ஆள் கேட்டார்: "தொட்டி வாயில மேக்னெட் இருக்கே, அது புடிச்சிருக்கணுமே?"

"எங்க மேக்னெட்ட தாண்டி ஒரு தூசி போவாது சார்!" என்றேன்.

ஏணியில் ஏறி, தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினேன். மேக்னெட் இருக்கும் இடம் காலி.

"டேய் குமாரு," என்றார் அக்கா கீழிருந்து. "சாமிகிட்ட பாரு."

படத்தின் காலடியில் சந்தனப் பொட்டோடு இருந்தது. ஆயுத பூஜைக்குக் கழுவி வைத்தவன் நான். திரும்ப மாட்ட மறந்தவனும் நான். மூன்று வாரமாக சாமியை எந்த இரும்பும் அண்டவில்லை.

"பிளேட மாத்துங்க, மேக்னெட்ட மாட்டுங்க," என்று சொல்லிவிட்டு அந்த ஆள் டீ குடிக்கப் போனார்.

"தப்பு என்னுது சார். அக்காவ வுட்ருங்க," என்றேன் மோகனிடம்.

"தெனம் ஷீட்ல மேக்னெட் ஓகேன்னு டிக் அடிச்சிக்கீற. கீழ என் கையெழுத்து கீது. ரெண்டு பேரும் வூட்டுக்குப் போவலாமா?"

ஏணியில் ஏறி மேக்னெட்டை மாட்டினேன்.

கேட்டில் அக்கா அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். "ஊசிய நான் எடுத்துனு போறேன். மேக்னெட்ட நீ பாத்துக்கோ."

இன்றும் வீட்டில் என் மனைவி கேட்பாள்: "கேஸ மூடினியா, டிக் அடிச்சியா?" பிள்ளைகள் சிரிக்கும். நானும் சிரிப்பேன். மேக்னெட்டை மறந்த கதை அவர்களுக்குத் தெரியும்; அக்கா போனதைச் சொன்னதில்லை.

பிறகு ஒருநாள் அந்த ஷீட்டுகளை எடுத்து, பூஜைக்குப் பிறகு நான் போட்ட டிக்குகளை எண்ணினேன்.

பத்தொன்பது.