பாலிஷ்காரர் காளான் காத்த படலம்

“ஒரு காளானுக்கு ஒரு வீட்டோட வெலை வருமாக்கா?”

ஒரு பெண் ஒருநாள் கடைவாசலில் நின்று தராசக்காவை இப்படிக் கேட்டாள். தராசக்கா, காய்ந்த மருந்துச் சரக்கை வாங்கி விற்கும் கடைக்காரி. ஈரம் குடித்தது, வெயில் தின்றது, விளிம்பு உடைந்தது, பூஞ்சை பூத்தது என்று காலத்தின் கையில் அடிவாங்கி வரும் மருந்துக் காளான்களை மேஜைமேல் கிடத்தி, உயிர் இருக்கிறதா போயிற்றா என்று தீர்ப்புரைக்கும் தனிப்பெரும் அதிகாரி. முகத்துக்காக விலையைக் கூட்டாதவள், கண்ணீருக்காகவும் கூட்டாதவள். அந்தக் கேள்விக்கு அவள், “கொண்டு வாம்மா, பாத்துட்டுச் சொல்றேன்,” என்று மட்டும் விடையிறுத்தாள். போர் மூண்டது.

வாழ்க, அந்தப் பெண்ணின் கணவர்! அரக்கும் ஸ்பிரிட்டும் ஊறிச் செம்மஞ்சள் பாரித்த நீள்விரலார், உப்புத்தாள் ஏந்திய ஒப்பிலார், ஆடும் நாற்காலிகளின் அச்சம் தீர்த்தவர், கீறுண்ட மேஜைகளின் கண்ணீர் துடைத்தவர், வாடிக்கையாளர்முன் வாய் திறவாதவர், மனைவிமுன் அந்த அளவும் திறவாதவர், மர சாமான்களுக்குப் பாலிஷ் போடும் அப்பெருமகனார் வாழ்க! அவர் பஞ்சுப்பொதியை அரக்கில் தோய்த்து ஒரு முறை இழுத்தால் பலாமரம் தேக்காகும். இரு முறை இழுத்தால் அந்தப் பலாமரமே தன்னைத் தேக்கென்று நம்பிவிடும். இத்தகைய வீரர் ஒரு காளானின் பொருட்டுக் களம் புகுந்த கதையைச் சொல்லுமுன், அந்தக் காளானின் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும்.

அது, மரத்தின் விலாவில் விசிறி விரித்தாற்போல் முளைத்து, காய்ந்தபின் கட்டையாக இறுகி, சீவி வேகவைத்துக் குடித்தவர் நாக்கை முறுக்கிப் பிழியும் கசப்புடைய மருந்துக் காளான். பெரிய சோற்றுத் தட்டின் அகலம். அந்தப் பெண்ணின் தாய் கண்மூடுமுன் மகனுக்கு வீட்டைக் கொடுத்தாள். மகளுக்குக் காளானைக் கொடுத்தாள். கொடுக்கும்போது, “வீட்டைவிட இதுதாண்டி ஒசத்தி. என்னைக்காவது வித்துப் பாரு, தெரியும்,” என்றாள். மகள் நம்பினாள். அந்த நம்பிக்கையை முதுகெலும்புக்குள் செருகிக்கொண்டு, தம்பி வீட்டு சோபாவில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆண்டுகள் பல கடந்தும் அந்த நிமிர்வில் ஒரு கோணல் விழவில்லை.

ஆனால் அண்மையில் ஒரு மாலை, தம்பி மனைவி பிஸ்கட் தட்டை நீட்டியபடி, “காளான் எப்படி இருக்கு அண்ணி? வாடகைக்கு விட்டாச்சா?” என்று கேட்டாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர்; அவர் பாலிஷ்காரர். வீடு திரும்பியதும் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல், “நாளைக்கே அதை எடுங்க. வெலை கேட்டுட்டு வந்துடலாம்,” என்று முழங்கினாள்.

இங்கேதான் நம் வீரரின் நெஞ்சில் இடி இறங்கியது. ஏனெனில், வீட்டுக்கூரை ஒழுகிய ஒரு மழைக்காலத்தில், நனையக்கூடாதே என்ற நல்லெண்ணத்தால் அந்தக் காளானைத் தன் பட்டறைப் பரணில் கொண்டுபோய் வைத்தவர் அவரே. நனையாமல் காத்தார், ஆனால் மரத்தூள் மணக்கும் பட்டறை என்பது பொடிவண்டுகளின் தலைநகரம் என்பதை அவர் அந்த நேரத்தில் மறந்தார். வண்டுகள் வந்தன. குடும்பத்தோடு வந்தன. தாய்வீட்டுப் பெருமையின் உள்ளே புகுந்து அறை அறையாகத் தடுத்து வாழ்ந்தன. பரணிலிருந்து இறக்கிய அவர் கையில், பொன்மாவு உதிர்வதுபோல் தூள் கொட்டியது.

வேறொருவர் என்றால் உண்மையைச் சொல்லியிருப்பார். நம் வீரர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் துணிந்தார். மரத்தூளையும் பசையையும் குழைத்து, தச்சர்கள் மக்கு என்று சொல்லும் அந்த அடைப்பானைச் செய்து, ஓட்டை ஓட்டையாக ஊசிமுனையால் நிரப்பினார், உலர்த்தினார், உப்புத்தாளால் நீவினார், பின்பு அரக்கைத் தோய்த்து, மணமகளுக்குச் சந்தனம் பூசும் மென்மையோடு பூசினார். மறுநாள் காளான், பறித்த நாளில் இருந்ததைவிட இளமையாக இருந்தது.

களம் இதுதான்: ஒரு குறுகிய தெருவில் ஒரு குறுகிய கடை, குழல்விளக்கின் கீழே கறுப்புத் துணி விரித்த மேஜை, பக்கத்தில் சின்ன மின்னடுப்பு, சுவரோரம் கண்ணாடி அலமாரி. மேஜைக்கு அந்தப்பக்கம் தராசக்கா. இந்தப்பக்கம் மனைவி, அவளுக்குச் சற்றுப் பின்னே ஸ்டூலில் நம் வீரர். நடுவே, கோட்டைவாயிலில் நின்ற பட்டத்து யானைபோல், காளான்.

முதற்போர் கண்ணால் நடந்தது. தராசக்கா கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி, காளானை இப்படியும் அப்படியும் திருப்பி, தன் முகம் அதில் தெரிவதைக் கண்டு சற்றே திகைத்தாள்.

“பழசுன்னு சொன்னே. முந்தாநாள் பறிச்ச மாதிரி மின்னுதே?”

“எங்கம்மா கை ராசிக்கா,” என்றாள் மனைவி, தலையை நிமிர்த்தி. வீரர் சுவரைப் பார்த்தார்.

இரண்டாம் போர் செவியால் நடந்தது. நல்ல சரக்கைத் தட்டினால் சாத்திய கதவைத் தட்டியதுபோல் ஓசை எழும். உளுத்ததைத் தட்டினால் தலையணையைத் தட்டியதுபோல் இருக்கும். தராசக்கா விரல்முட்டியை உயர்த்தினாள். அது காளானைத் தொட்ட அதே கணத்தில் வீரர் இருமினார். மீண்டும் உயர்த்தினாள், மீண்டும் இருமினார். அவள் வேண்டுமென்றே உயர்த்திவிட்டுத் தட்டாமல் இருந்தாள், அப்போதும் இருமினார்.

“அண்ணே, தண்ணி வேணுமா?”

“வேணாங்க. தூசி.”

மூன்றாம் போர் மூக்கால் நடந்தது; இதில்தான் வீரரின் தொழிலே அவருக்குக் கவசமாயிற்று. குனிந்து முகர்ந்த தராசக்காவின் நாசியை ஸ்பிரிட் வாடை வாள்போல் தாக்கியது. அவள் நிமிர்ந்து, “அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. உங்க வாசனைதான் தூக்குது,” என்றாள். வீரர் ஸ்டூலோடு தள்ளிப்போனார். வாடை தள்ளிப்போகவில்லை. இதை அவள் உணருமுன் உணர்ந்த வீரர், புறமுதுகிட்டவன் திரும்பி வந்து மார்புகாட்டுவதுபோல், ஸ்டூலை இழுத்துக்கொண்டு முன்னிலும் அருகே வந்து அமர்ந்து, கைகளை வீசிக் காற்று வாங்கினார்.

“ஏங்க, இப்படி ஒட்டி ஒட்டி வர்றீங்க?” என்றாள் மனைவி.

“சரியாத் தெரியலை. அதான்.”

கண்ணும் செவியும் மூக்கும் களைத்து மீண்டபின், தராசக்கா கடைசிப் படையை அழைத்தாள். அதற்குக் கசப்புப் பார்ப்பது என்று பெயர். காளானின் விளிம்பில் ஒரு சீவல் எடுத்து வேகவைத்து, விற்கிறவர் முதல் மடக்கும் வாங்குகிறவர் மறு மடக்கும் குடிக்கவேண்டும். பூச்சிக்குப் பயந்து சரக்கில் பூச்சிக்கொல்லிப் பொடி தூவிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு; அவர்கள் முதல் மடக்குக்குக் கைநீட்டமாட்டார்கள். நீட்டாதவரின் சரக்கை அந்தக் கடை தொடாது. எனவே இந்த வழக்கம்.

மின்னடுப்பில் நீர் கொதித்தது. சீவல் உள்ளே விழுந்தது. கொதிநீரின் மேல், மழைநாளில் வண்டிகள் நிற்கும் இடத்தில் காணும் வானவில் போன்ற ஒரு மெல்லிய ஏடு படர்ந்தது. அதை வீரர் கண்டார். தான் பூசிய அரக்கையும் தான் குழைத்த பசையையும், தன் மனைவி, தாயின் பெயரால், தலைநிமிர்ந்து, ஒரே மடக்கில் விழுங்கப்போகிறாள் என்பதைக் கண்டார். தராசக்கா குவளையை நீட்டினாள். மனைவியின் வளையலணிந்த கை எழுந்தது. அப்போது, பாற்கடல் கக்கிய நஞ்சைக் கண்டு உலகமெல்லாம் ஓடியபோது ஓடாமல் நின்று கைநீட்டிய கடவுளைப்போல், ஆனால் ஸ்டூல் கவிழ, மேஜை குலுங்க, முழங்கால் இடிபட, பாலிஷ்காரர் பாய்ந்தார். குவளையைப் பறித்தார். அண்ணாந்தார். அடிவண்டல்வரை குடித்தார்.

“உங்களை யாருங்க குடிக்கச் சொன்னது?”

“நானும் பாதி விக்கிறவன்தானே,” என்றார் வீரர். “நல்ல கசப்பு.”

மேஜை குலுங்கியதில் காளான் புரண்டிருந்தது. சீவிய விளிம்பிலிருந்து கடுகளவு மக்கு கழன்று, ஒரு சிறுவழி திறந்து, அதன் வழியே பொன்னிறத் தூள் இறங்கிக் கறுப்புத் துணியில் எறும்புப் புற்றுபோல் குவிந்துகொண்டிருந்தது. அதைத் தராசக்கா பார்த்தாள். மனைவி அதைப் பார்க்கவில்லை. அவள் கணவரின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை, புதிதாய் வாங்கிய அலமாரியின் கதவுபோல், விளக்கொளியில் பளபளத்தன. அந்தப் பளபளப்பை அவளுக்குத் தெரியும். அவள் வீட்டு வாசலில் எத்தனையோ நாற்காலிகளில் அது காய்ந்திருக்கிறது. அதன்பின்தான் அவள் தூளைப் பார்த்தாள்.

“எப்போலேர்ந்து?”

“மழைக்கு அப்புறம்.”

“ஏன் சொல்லலை?”

வாய் திறவாதவர் வாய் திறக்கவேண்டிய வேளை வந்தது. அரக்கு ஒட்டிய உதடுகளைப் பிரித்து அவர் சொன்னார்: “உன் தம்பி வீட்டுல நீ ஒருத்திதான் சாயாம உக்காருவே. அது கெட்டுப்போயிடுமேன்னு.”

மனைவி கணவரை விட்டுத் திரும்பி, முதுகை நேராக்கி, தராசக்காவிடம் கேட்டாள்:

“உளுக்காம இருந்திருந்தா என்ன வெலைக்கா?”

மாவீரர்களே, இதுதான் போர்! முன்னர் நடந்தவையெல்லாம் வெறும் முரசொலி. ஏனெனில் தராசக்காவுக்கு விடை தெரியும். வெட்டிய விளிம்பின் நிறமும் சதையின் மெலிவும் அவளுக்குச் சொல்லிவிட்டன: இது எங்கும் கிடைக்கும் சாதாரண வகை, வண்டே படாமல், பறித்த அன்றே வந்திருந்தாலும், இதை விற்று ஒரு நாற்காலி வாங்கலாம், கைப்பிடி இல்லாத நாற்காலி. அந்தத் தாய் மகளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

சொல்ல அவள் வாயெடுத்தபோது, அந்தப் பெண்ணின் தலைக்கு மேலாக, பின்னால் ஏதோ உயர்வதைக் கண்டாள். படைக்கலம் அனைத்தும் இழந்து, கவசம் பிளந்து, நஞ்சுண்டு நின்ற பாலிஷ்காரர், எஞ்சியிருந்த பத்து விரல்களையும் தலைக்கு மேலே தூக்கி, நுனியோடு நுனி சேர்த்து, இரு கைகளையும் கூரைபோல் சாய்த்துப் பிடித்திருந்தார். வீடு. வீடு என்று சொல்லுங்கள். அவர் கண்கள் தராசக்காவைக் கெஞ்சின.

முகத்துக்காகக் கூட்டாதவள், கண்ணீருக்காகக் கூட்டாதவள், தன் சொந்த அண்ணன் கொண்டுவந்த சரக்கைக் குப்பையில் கொட்டச் சொன்னவள், அந்தக் கூரையை நெடுநேரம் பார்த்தாள். தராசுத் தட்டைத் துடைத்தாள். பின்பு தீர்ப்புரைத்தாள்:

“முழுசா இருந்தாத்தாம்மா வெலை. வண்டு தின்னதுக்கு அப்புறம், முன்னாடி என்னவா இருந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. வீடாவும் இருந்திருக்கலாம்.”

பொய்யுரைக்காத நாவிலிருந்து முதன்முதலாய்ப் புறப்பட்ட அந்தப் பொய், பயிற்சியில்லாத குதிரைபோல் தடுக்கித் தடுக்கி மேஜையைக் கடந்து போய்ச் சேர்ந்தது. மனைவி அதைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே, தராசக்காவின் தோளுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். அதன் கண்ணாடியில், புட்டிகளுக்கும் பொட்டலங்களுக்கும் மேலே, தன் தலைக்கு நேர் மேலே, கீழே இறங்க மறந்துபோன ஒரு கூரை, அரக்குக் கறை படிந்த விரல்களால் ஆன கூரை, அப்படியே நிற்பதைக் கண்டாள்.

அவள் எழுந்தாள். திரும்பினாள். முந்தானை நுனியால் கணவரின் உதடுகளைத் துடைத்தாள். பழைய பாலிஷைச் சுரண்டுகிறவர்கள் தேய்ப்பதுபோல் அழுத்தித் தேய்த்தாள். வானமும் வையமும் மூச்சடக்கி நிற்க, பளபளப்பு போகவில்லை என்று கண்டு கையை எடுத்தாள்.

அப்புறம் காளானை அங்கேயே விட்டுவிட்டு, பையை மடித்து எடுத்துக்கொண்டு, நிமிர்ந்த முதுகோடு வாசலிறங்கிப் போனாள்.